ஏற்கெனவே புழக்கத்திலுள்ள படைத்தளவாடங்களுக்கான வரிசையெண் முறைத் தேர்வு: அடிப்படைகளும் அளவுகோல்களும்

ஆய்வுச் சுருக்கம்

புதிதாக உற்பத்தியாகும் படைத்தளவாடத்திற்கு எண் இடுவது உற்பத்தியாளரின் பணி. பல்லாண்டுகளாகக் கிடங்குகளிலும் படைப்பிரிவுகளிலும் புழங்கிவரும் தளவாடங்களுக்கு எண் இடுவது உடைமையாளரான படையின் பொறுப்பு. பின்னதில் பழைய எண்களின் மயக்கம், உற்பத்தியாளர் மறைவு, பாகங்களின் இடமாற்றம், பதிவேடுகளின் முரண் ஆகிய சிக்கல்கள் ஒருங்கே எழுகின்றன. இக்கட்டுரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தனியடையாள முறை, பிரித்தானிய, அமெரிக்க வானூர்தி எண் மரபுகள், ஐக்கிய நாடுகள் அவையின் சிறு படைக்கல அடையாள ஆவணம், இரண்டாம் உலகப்போரின் வரிசையெண் பகுப்பாய்வு ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, பழைய தளவாடங்களுக்குரிய எண் முறையைத் தேர்வதற்கான அளவுகோல்களை வகுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: படைத்தளவாடம், வரிசையெண், தனித்துவம், பாக எண், நிறுவனக் குறி, சரிபார்ப்பு இலக்கம், பதிவேடு.

1. முன்னுரை

ஒரு படைக்கலத்தின் மீது பொறிக்கப்படும் எண் சிறியது. அதனைச் சார்ந்து நிற்கும் பொறுப்போ பெரியது. அது எவரிடம் உள்ளது, எப்போது பழுது பார்க்கப்பட்டது, எத்தனை மணிநேரம் இயங்கியது, களவு போனால் எவ்வழியே போயிற்று என்னும் வினாக்கள் அனைத்திற்கும் அவ்வெண்ணே நுழைவாயில். எண் பிழைபட்டால் வினாவுக்கு விடை கிடைக்காது. சில வேளைகளில் தவறான விடை கிடைக்கும்.

இதன் விளைவை ஆப்கானிசுத்தானத்தில் காணலாம். 2004 டிசம்பர் முதல் 2008 ஜூன் வரை அந்நாட்டுப் பாதுகாப்புப் படைகளுக்காக அமெரிக்கா கொள்முதல் செய்து அனுப்பிய ஏறத்தாழ 2,42,000 படைக்கலங்களில் 87,000-க்கு முழுமையான இருப்புப் பதிவு இல்லை என்பதை அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2009இல் அறிவித்தது. இது மொத்தத்தில் 36 விழுக்காடு. இவற்றுள் ஏறத்தாழ 46,000 படைக்கலங்களுக்கு வரிசையெண்களையே காட்ட இயலவில்லை. எஞ்சிய 41,000-க்கு எண் இருந்தும் அவை சென்றடைந்த இடம் பதிவாகவில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து, ஆப்கானிசுத்தான மறுகட்டமைப்புக்கான சிறப்புத் தலைமை ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட அறிக்கை வேறொரு குறையை வெளிப்படுத்தியது. பெறப்பட்ட படைக்கலங்களைப் பதியும் தரவுத்தளத்தில் இருந்த 4,74,823 வரிசையெண்களில் 2,03,888-இல் விவரம் விடுபட்டிருந்தது அல்லது எண் இரட்டித்திருந்தது. அனுப்பியவற்றைப் பதியும் தரவுத்தளமும் பெற்றவற்றைப் பதியும் தரவுத்தளமும் தம்முள் இணைக்கப்படவில்லை.

எண் இல்லாமை, எண் இருந்தும் பதிவு இல்லாமை, ஒரே எண் பலமுறை வருதல் என்னும் மூன்று குறைகளும் இவ்விரு அறிக்கைகளில் ஒருங்கே காணப்படுகின்றன. ஆகவே எண் முறையைத் தேர்தல் என்பது எழுத்துகளையும் இலக்கங்களையும் அழகுற அடுக்கும் வேலை அன்று. இம்மூன்று குறைகளும் நேராதவாறு ஒரு பொறுப்பு அமைப்பை வகுப்பதே அதன் உட்பொருள்.

2. இன எண், தொகுதி எண், தனி எண்

எண் முறை பற்றிய குழப்பங்களிற் பல, வெவ்வேறு பணிகளைச் செய்யும் எண்களை ஒன்றாகக் கருதுவதால் விளைகின்றன. படைத்தளவாடத் துறையில் மூவகை எண்கள் வழங்குகின்றன.

முதலாவது, இன எண். நேட்டோ இருப்பு எண் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது 13 இலக்கங்களை உடையது. முதல் 4 இலக்கங்கள் வழங்கல் வகுப்பையும், அடுத்த 2 இலக்கங்கள் எண் வழங்கிய நாட்டையும், இறுதி 7 இலக்கங்கள் பொருளையும் குறிக்கும். 1005 என்னும் வகுப்பு 30 மில்லிமீட்டர் வரையிலான சுடுகலங்களுக்கு உரியது; இந்தியாவுக்குரிய நாட்டுக் குறி 72. ஒரே வடிவமைப்பில் உருவான பத்தாயிரம் துப்பாக்கிகளுக்கும் இன எண் ஒன்றே.

இரண்டாவது, தொகுதி எண். வெடிபொருள், தோட்டா போன்றவற்றை ஒவ்வொன்றாக எண்ணிடுவது பயனற்றது. ஒரே மூலப்பொருளில், ஒரே காலத்தில் உருவான தொகுதிக்கு ஓர் எண் இடப்படுகிறது. குறை தோன்றினால் அத்தொகுதி முழுவதும் திரும்பப் பெறப்படும்.

மூன்றாவது, தனி எண். ஓர் இனத்தில் அடங்கிய பொருள்களுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இடப்படுவது இதுவே. இன எண்ணிலிருந்து பெறத்தக்க செய்தியைத் தனி எண்ணில் மீண்டும் திணிப்பது தேவையற்ற நீட்சி. தனி எண்ணைக் கொண்டு இனத்தை அறியும் பணியைப் பதிவேடு செய்யும்.

3. பழைய தளவாடங்களின் தனிச்சிக்கல்

புதிய பொருளுக்கு எண் இடும்போது வெற்றுப் பலகையில் எழுதும் வாய்ப்பு உண்டு. பழைய பொருளில் ஏற்கெனவே எழுதப்பட்டவை பல. அவற்றால் விளையும் சிக்கல்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ) உற்பத்தியாளர்களின் எண்கள் ஒன்றோடொன்று மோதுதல். ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும். ஒரே தொழிற்சாலையும் வடிவமைப்பு மாறும்போதோ ஆண்டு மாறும்போதோ மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கலாம். எனவே 4217 என்னும் எண்ணுடைய பொருள்கள் ஒரே கிடங்கில் பல இருப்பது இயல்பு.

ஆ) உற்பத்தியாளர் மறைதல். நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம், பிறிதொன்றோடு இணைந்திருக்கலாம். பழைய எண்களின் தனித்துவத்திற்கு உறுதி கூற அங்கே எவரும் இல்லை.

இ) பாக எண் மாறுதல். மேம்பாட்டுப் பணிக்குப் பின் பொருளின் பாக எண் மாற்றப்படும். தனித்துவம் பாக எண்ணைச் சார்ந்திருப்பின், எப்பாக எண் என்னும் வினா எழும்.

ஈ) பாகங்கள் இடம்மாறுதல். பழுதுபார்ப்பின்போது ஒரு துப்பாக்கியின் குழலும் மற்றொன்றின் உடற்சட்டமும் இணைகின்றன. இவ்வாறு இரு எண்களைத் தாங்கிய பொருள் எதனால் அறியப்படும் என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும்.

உ) எண்ணின் எழுத்துவடிவம் பலவாதல். 417, 0417, 000417 என்பன ஒரு பொருளுக்கே எழுதப்பட்ட மூன்று வடிவங்களாயினும், கணினி அவற்றை மூன்று பொருள்களாகக் கொள்ளக்கூடும். விரிதாள் மென்பொருள்கள் முன்னிற்கும் சுழியங்களைத் தாமாகவே நீக்கிவிடுதல் இம்மயக்கத்தை மிகுவிக்கிறது.

ஐக்கிய நாடுகள் பொது அவை 2005 டிசம்பர் 8 அன்று ஏற்ற சிறு, இலகு படைக்கல அடையாள ஆவணம் இச்சிக்கலைக் கருத்திற் கொண்டுள்ளது. உற்பத்தியின்போது உற்பத்தியாளர் பெயர், நாடு, வரிசையெண் ஆகியவற்றைப் பொறிக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. அந்நாளில் அரசுப் படைகளின் கைவசமிருந்த படைக்கலங்களும் முறையாக அடையாளமிடப்பட வேண்டும் என்று கூறுகிறது. தனித்த குறி, படைக்கலத்தின் இன்றியமையாத கட்டமைப்புப் பாகமான உடற்சட்டம் அல்லது அறைக்கூட்டின் மீது இருத்தல் வேண்டும் என்பதும் அதன் நெறி. மேலே ‘ஈ’ பகுதியிற் சுட்டிய வினாவுக்கு இதுவே விடை: மாற்றினால் பொருளே வேறாகிவிடும் பாகம் எதுவோ, அதன் எண்ணே பொருளின் எண்.

4. வழக்கிலுள்ள எண் முறைகள்

4.1 தொடர் எண்

பதிவேட்டில் அடுத்துவரும் எண்ணை அடுத்த பொருளுக்கு இடுவது எளிய முறை. பிரித்தானியப் படை வானூர்திகளுக்கு 1912இல் தொடங்கிய வரிசை இத்தகையது. எண்கள் பத்தாயிரத்தை எட்டியபின் 1916இல் ஓரெழுத்து முன்னொட்டும், 1940இல் ஈரெழுத்து முன்னொட்டும் சேர்க்கப்பட்டன. வரிசை தீர்ந்துபோகும்போது அதனை முறிக்காமல் நீட்டிக்கும் வழியை இம்மரபு காட்டுகிறது. தொடர் எண் முறையின் வலிமை அதன் எளிமை. ஒரே பதிவாளர், ஒரே பதிவேடு என்னும் நிலை நீடிக்கும்வரை இரட்டிப்பு நேராது. பல கிடங்குகளில் ஒரே நேரத்தில் பணி நடக்கும்போது இந்நிலை குலைகிறது.

4.2 பொருள் பொதிந்த எண்

எண்ணிலேயே ஆண்டு, வகுப்பு முதலிய செய்திகளைப் பொதிதல் மற்றொரு முறை. அமெரிக்கப் படைவானூர்திகளின் எண்கள் 1921 ஜூலையில் தொடங்கிய 1922ஆம் நிதியாண்டு முதல் ஆண்டு முன்னொட்டைக் கொண்டுள்ளன. ஹிரோசிமாவின் மீது அணுகுண்டு வீசிய வானூர்தியின் எண் 44-86292. இதிலுள்ள 44 நிதியாண்டைக் குறிக்கும். அது வானூர்தி கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு அன்று. இவ்வேறுபாட்டை அறியாதவர் எண்ணைத் தவறாகப் படிப்பர். இந்தியப் படை ஊர்திகளின் எண்பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியும் ஆண்டுக்குரிய இரு இலக்கங்களும் இடம்பெறுதலும் இவ்வகை மரபே.

பழைய பொருள்களுக்கு இம்முறையைக் கையாளும்போது ஆண்டு என்பது உற்பத்தி ஆண்டா, கொள்முதல் ஆண்டா, எண் பொறித்த ஆண்டா என்னும் ஐயம் எழும். முதலிரண்டும் பல பொருள்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். கிடங்கின் பெயரையோ படைப்பிரிவின் பெயரையோ எண்ணிற் பொதிந்தால் பொருள் இடம்மாறிய அன்றே எண் பொய்யாகும். மாறக்கூடிய செய்தி எதுவும் மாறாத எண்ணில் இடம்பெறலாகாது என்பதே இதிலிருந்து பெறப்படும் நெறி.

4.3 பகுதி ஒதுக்கீட்டு எண்

மையப் பதிவாளர் ஒவ்வொரு கிடங்குக்கும் ஓர் எண் பகுதியை ஒதுக்குதல் மூன்றாம் முறை. முதற் கிடங்குக்கு 100000 முதல் 109999 வரை, அடுத்ததற்கு 110000 முதல் 119999 வரை எனப் பகுத்தளித்தால், தொலைத்தொடர்பு இல்லாத இடத்திலும் பணி நடக்கும், மோதல் நேராது. ஒதுக்கியவற்றில் சில பயன்படாமற் போதல் குறையன்று. ஆயினும் எண்ணின் தொடக்கத்தைக் கண்டு பொருள் இன்றும் அக்கிடங்கிலேயே இருப்பதாகக் கருதும் பழக்கம் உருவாகாதவாறு காத்தல் வேண்டும்.

4.4 எழுந்தமான எண்

எண்களை எவ்வித ஒழுங்குமின்றித் தெரிந்தெடுத்து இடுதல் நான்காம் முறை. மையப் பதிவேடு இன்றி ஒவ்வொரு கிடங்கும் தானே எழுந்தமானமாக எண் இடுமாயின் மோதல் விரைவில் நேரும். ஆறிலக்க எண்கள் பத்து இலட்சம் இருப்பினும், ஏறத்தாழ 1,180 பொருள்களுக்கு எண் இட்டவுடனேயே அவற்றுள் ஏதேனும் இரண்டு ஒரே எண்ணைப் பெற்றிருக்கும் வாய்ப்பு பாதியை எட்டிவிடுகிறது. ஆகவே எழுந்தமான எண்களை மையத்தில் முன்கூட்டியே பட்டியலிட்டு, இரட்டிப்பு நீக்கி, கிடங்குகளுக்குப் பகிர்ந்தளித்தல் இன்றியமையாதது.

5. வரிசையெண் வெளிப்படுத்தும் செய்தி

எழுந்தமான எண்ணின் தேவை என்ன என்பதை இரண்டாம் உலகப்போரின் பட்டறிவு உணர்த்துகிறது. கைப்பற்றப்பட்ட செருமானியக் கவச ஊர்திகளின் பாகங்களிலிருந்த வரிசையெண்களை நேச நாட்டுப் பொருளியல் வல்லுநர்கள் தொகுத்து, உற்பத்தியளவை மதிப்பிட்டனர். இப்பணியைப் பற்றி ரிச்சர்டு ரகிள்சும் ஹென்றி பிராடியும் 1947இல் எழுதிய கட்டுரை இன்றும் புள்ளியியலாரால் பேசப்படுகிறது.

1940 ஜூனில் மாத உற்பத்தி 1,000 என்று உளவுத்துறை கணித்தது. வரிசையெண் பகுப்பாய்வு 169 என்றது. போருக்குப்பின் கிடைத்த செருமானியப் பதிவு 122 என்று காட்டியது. 1941 ஜூனில் இவை முறையே 1,550, 244, 271. 1942 ஆகஸ்டில் 1,550, 327, 342. உளவுச் செய்திகள் பன்மடங்கு பிழைபட்ட இடத்தில், இரும்பில் பொறிக்கப்பட்ட எண்கள் உண்மைக்கு மிக அருகில் நின்றன.

இக்கணிப்பின் அடிப்படை எளியது. எண்கள் ஒன்றிலிருந்து இடைவெளியின்றித் தொடர்வதாகக் கொள்க. கைப்பற்றிய நான்கு பொருள்களின் எண்கள் 23, 71, 112, 140 எனின், மிகப் பெரிய எண்ணை மாதிரி எண்ணிக்கையால் வகுத்து, ஈவை அப்பெரிய எண்ணோடு கூட்டி, ஒன்றைக் கழித்தால் மொத்த எண்ணிக்கையின் மதிப்பீடு கிட்டும்: 140 + (140 ÷ 4) – 1 = 174. நான்கு பொருள்களே ஒரு படையின் இருப்பைக் காட்டிக்கொடுக்கின்றன.

பிரித்தானியர் இவ்விடரை முன்னுணர்ந்தனர். 1937இல் ஆவ்ரோ நிறுவனத்திடம் 200 மான்செஸ்டர் குண்டுவீச்சு வானூர்திகளைக் கோரியபோது, எல்7276 முதல் எல்7584 வரையிலான 309 எண்களுள் இடையிடையே இடைவெளி விட்டு 200 எண்களை மட்டும் வழங்கினர். இவ்விடைவெளிகள் ‘இருட்டடிப்புப் பகுதிகள்’ எனப் பெயர் பெற்றன. எளிய தொடர் எண்ணின் நிர்வாக வசதியையும் மறைவின் தேவையையும் ஒருங்கே நிறைவு செய்த தீர்வு இது.

பழைய தளவாடங்களைப் பொறுத்தவரை இவ்விடர் இரு வகையில் அமைகிறது. பழைய உற்பத்தி எண்கள் ஏற்கெனவே வெளிப்பட்டவை. அவற்றை மறைத்தல் இயலாது. புதிதாக இடப்படும் தொடர் எண்ணோ உற்பத்தியளவைக் காட்டாவிடினும் படையின் மொத்த இருப்பைக் காட்டும். எனவே எண்ணிக்கை மறைக்கத்தக்க தளவாடங்களுக்குத் தொடக்க எண்ணை ஒன்றாக வையாமையும், ஒதுக்கீட்டுப் பகுதிகளுக்கிடையே ஒழுங்கற்ற இடைவெளி விடுதலும் குறைந்தபட்சக் காப்பாகும். மேசை, நாற்காலி, சமையற்கலம் போன்றவற்றுக்கு இக்காப்பு வேண்டுவதில்லை.

6. தனித்துவத்தை நிறுவும் இரு அமைப்புகள்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2003 ஜூலை 29 அன்று தனியடையாளக் கொள்கையை அறிவித்தது. 2004 ஜனவரி 1 முதல் வெளியாகும் ஒப்பந்தக் கோரிக்கைகளுக்கு அது பொருந்துவதாயிற்று. பின்னர் ஏற்கெனவே கைவசமிருந்த உடைமைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 5,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட கொள்முதல் மதிப்புடைய பொருள்கள் இதன் முதன்மை இலக்கு. மதிப்பு குறைந்தவையாயினும் பாதுகாப்புக்கோ பணிக்கோ இன்றியமையாதவையும் வரிசையெண்ணால் ஆளப்படுபவையும் இதில் அடங்கும். பொறிக்கும் முறைக்கு ‘மில்-ஸ்டாண்டர்டு 130’ என்னும் தரநிலை வழிகாட்டுகிறது. செய்தி ‘டேட்டா மேட்ரிக்ஸ்’ என்னும் இருபரிமாணக் குறியத்தில் பதியப்படுகிறது.

இக்கொள்கை தனித்துவத்தை இரண்டு வகைகளில் நிறுவ இடமளிக்கிறது. முதல் அமைப்பில், எண் இடும் நிறுவனத்தின் குறியும் அந்நிறுவனத்துக்குள் எங்கும் திரும்ப வராத வரிசையெண்ணும் இணைகின்றன. இரண்டாம் அமைப்பில், நிறுவனக் குறிக்கும் வரிசையெண்ணுக்கும் இடையே முதல் பாக எண் அல்லது தொகுதி எண் இடம்பெறுகிறது. வரிசையெண் அப்பாக எண்ணுக்குள் மட்டும் திரும்ப வராதிருந்தால் போதும். இரு அமைப்புகளிலும் முன்னே நிற்பது, நிறுவனக் குறியை வழங்கிய அமைப்பைச் சுட்டும் குறி. ஐந்தெழுத்துக் ‘கேஜ்’ குறி அத்தகைய நிறுவனக் குறிகளுள் ஒன்று. ஒரு நிறுவனத்துக்கு வழங்கிய குறி பிறிதொன்றுக்கு வழங்கப்படாமையால், ஒவ்வொரு நிறுவனமும் தன் எல்லைக்குள் தனித்துவத்தைக் காத்தாலே உலகளாவிய தனித்துவம் கிட்டிவிடுகிறது.

இரண்டாம் அமைப்பில் ‘முதல் பாக எண்’ என்னும் வரையறை நுட்பமானது. மேம்பாட்டுக்குப்பின் பாக எண் மாறினாலும் தனியடையாளத்திற் பொதிந்த பாக எண் மாறுவதில்லை. நடப்புப் பாக எண் பதிவேட்டில் தனியே குறிக்கப்படும். பிறப்புப் பெயர் மாறாதிருக்க, வழங்கு பெயர் மாறுவது போன்றது இது.

பழைய தளவாடங்களுக்கு இரண்டாம் அமைப்பு முதலில் கவர்ச்சியுடையதாகத் தோன்றும். பொருளின்மீது உற்பத்தியாளர் பெயரும் பாக எண்ணும் வரிசையெண்ணும் ஏற்கெனவே உள்ளன. அவற்றைக் கோத்தாலே அடையாளம் உருவாகிறது. ஆயின் அவ்வடையாளத்தின் தனித்துவத்திற்கு உறுதி கூறுபவர் எவர் என்பது வினா. உற்பத்தியாளர் இயங்கிவந்து, தம் எண்கள் பாக எண்ணுக்குள் திரும்ப வரவில்லை என்று உறுதியளிப்பின் அம்முறை ஏற்கத்தக்கது. அவ்வாறின்றேல், தன் குறியின்கீழ்த் தானே எண் வழங்கி, தானே உறுதி கூறும் முதல் அமைப்பையே படை மேற்கொள்ளுதல் வேண்டும். பிறர் குறியின்கீழ் எண் உருவாக்குதல், பிறர் பெயரில் கையொப்பமிடுதலை ஒக்கும்.

கோத்தெழுதுவதிலும் ஓர் இடர் உண்டு. ஒரே உற்பத்தியாளரின் 7012 என்னும் பாக எண்ணும் 345 என்னும் வரிசையெண்ணும் இணைந்தால் 7012345. 70123 என்னும் பாக எண்ணும் 45 என்னும் வரிசையெண்ணும் இணைந்தாலும் 7012345. வெவ்வேறான இரு பொருள்கள் ஒன்றாகிவிடுகின்றன. பிரிப்புக்குறி இடுதலோ வரிசையெண்ணை நிலையான நீளமுடையதாக வைத்தலோ இதனைத் தவிர்க்கும்.

கிழக்காப்பிரிக்க நாடுகளின் நடைமுறை முதல் அமைப்போடு ஒத்த சிந்தனையுடையது. 2004 ஏப்ரலில் கையெழுத்தான நைரோபி நெறிமுறையின் தொடர்ச்சியாக, அந்நாடுகள் தம் படைகளும் காவல்துறையும் வைத்திருக்கும் பழைய துப்பாக்கிகளில் நாட்டுக் குறி, நிறுவனக் குறி, வரிசையெண் ஆகியவற்றைப் பொறித்து வருகின்றன. உற்பத்தியாளரின் பழைய எண் அழிக்கப்படுவதில்லை. புதிய குறி உடைமையைக் காட்ட, பழைய எண் தோற்றத்தைக் காட்டுகிறது.

7. எழுத்துப் பிழையும் சரிபார்ப்பு இலக்கமும்

டேட்டா மேட்ரிக்ஸ் குறியத்தில் பிழைதிருத்தும் ஆற்றல் உள்ளமைந்தது. குறியத்தின் ஒரு பகுதி சிதைந்தாலும் படிக்க இயலும். ஆனால் களத்தில் கருவி இல்லாதபோது மனிதக் கண்ணே படிக்கிறது, மனிதக் கையே எழுதுகிறது. ஓரிலக்கம் மாறுதலும் அடுத்தடுத்த ஈரிலக்கங்கள் இடம்மாறுதலும் அப்போது மிகுதியாக நேரும் பிழைகள்.

இவற்றைக் கண்டறியச் சரிபார்ப்பு இலக்கங்கள் உதவும். ஐஎஸ்ஓ 7064 தரநிலையிலுள்ள 97-10 முறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 4217 என்னும் எண்ணின் பின் இரு சுழியங்களைச் சேர்த்தால் 421700. இதனை 97ஆல் வகுக்க மீதி 41. 98இலிருந்து 41ஐக் கழிக்க 57. ஆகவே பொறிக்க வேண்டிய எண் 421757. சரியான எண்ணை 97ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. எழுதுபவர் இடம்மாற்றி 427157 என எழுதினால் மீதி 66 ஆகும்; பிழை அக்கணமே வெளிப்படும். கூடுதலாக இரு இலக்கங்களைப் பொறிக்கும் செலவு, தவறான பொருளின் மீது பழுதுபார்ப்பு வரலாறு ஏறிவிடுவதால் நேரும் கேட்டை நோக்கச் சிறிது.

எழுத்துகளைக் கலந்து எண்ணைச் சுருக்குவதும் உண்டு. நான்கு இலக்கங்களால் 10,000 பொருள்களுக்கே எண் இடலாம். பத்து இலக்கங்களோடு, ஒன்றையும் சுழியத்தையும் ஒத்துத் தோன்றும் ‘ஐ’, ‘ஓ’ நீங்கலான 24 ஆங்கில எழுத்துகளையும் கொண்டால், நான்கு இடங்களில் 13,36,336 எண்கள் அமையும். சிறு கருவிகளில் இடம் குறைவாதலால் இது பயன்தரும். ஆயின் வானொலி வழி வாசிக்கும்போது எழுத்துகள் செவிமயக்கம் தரும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

8. தேர்வு நெறி

மேற்கண்டவற்றிலிருந்து பழைய தளவாடங்களுக்கான தேர்வை ஒரு வரிசை முறையில் அமைக்கலாம்.

1. முதலில் இருப்பவற்றைப் பதிதல். எந்த எண்ணையும் புதிதாக இடுமுன், பொருளின்மீதுள்ள எல்லாக் குறிகளையும் கண்டவாறே, முன்னிற்கும் சுழியங்கள் உட்பட, பதிவு செய்து இரட்டிப்புகளைக் கண்டறிய வேண்டும். எண்ணை உரைவடிவமாகவே கணினியில் சேமித்தல் இன்றியமையாதது.

2. பழைய எண் தெளிவாக உள்ளதா, உற்பத்தியாளரும் பாக எண்ணும் அறியப்பட்டுள்ளனவா, தனித்துவத்திற்கு உறுதி கூறுவார் உளரா என்னும் மூன்று வினாக்களுக்கும் ‘ஆம்’ எனும் விடை கிடைப்பின், பழைய எண்ணையே பாக எண்ணோடு இணைத்துத் தனியடையாளமாகக் கொள்ளலாம்.

3. மூன்றில் ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்பது விடையாயின், படையின் சொந்தக் குறியின்கீழ்ப் புதிய எண் இடுதல் வேண்டும். ஓர் இனத்தில் ஒரு பகுதிக்குப் பழைய எண்ணும் மறுபகுதிக்குப் புதிய எண்ணும் அமைவதில் தவறில்லை. நிறுவனக் குறி இரண்டையும் பிரித்துக் காட்டும்.

4. புதிய எண் பொருளற்றதாகவும், நிலையான நீளமுடையதாகவும், சரிபார்ப்பு இலக்கம் பெற்றதாகவும் இருத்தல் நன்று. பல கிடங்குகளில் பணி நடப்பின் பகுதி ஒதுக்கீடும், மறைவு வேண்டின் இடைவெளியும் சேர்க்கப்படும்.

5. பழைய எண்ணை அழித்தலோ மாற்றுதலோ கூடாது. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் இடையிலான இணைப்புப் பட்டியல் பதிவேட்டில் நிலைபெற வேண்டும். பழைய பழுதுபார்ப்புக் குறிப்புகளும் வழங்கல் சீட்டுகளும் பழைய எண்ணாலேயே எழுதப்பட்டவை. இணைப்பு அறுந்தால் பொருளின் முன்வரலாறு முழுவதும் அறுந்துவிடும்.

6. ஒருமுறை வழங்கிய எண், பொருள் அழிக்கப்பட்ட பின்னும் பிறிதொன்றுக்கு வழங்கப்படலாகாது.

பொறிக்கும் காலத்தையும் கருத வேண்டும். பல்லாயிரம் பொருள்களைப் பணியிலிருந்து நிறுத்திவைத்துப் பொறிப்பது எந்தப் படைக்கும் இயலாது. அமெரிக்க நடைமுறையில் பதிவேட்டில் முதலில் மெய்ந்நிகர் அடையாளம் உருவாக்கப்பட்டு, பொருள் பழுதுபார்ப்புக்கோ கிடங்குக்கோ வரும் வாய்ப்பில் அது பொறிக்கப்படுகிறது. இதற்கு இடமளிக்கும் முறையே பழைய தளவாடங்களுக்கு ஏற்றது. பொறிக்கும் இடத்தையும் முறையையும் பொறியாளர் ஒப்புதல் பெற்றே முடிவு செய்தல் வேண்டும்; அழுத்தம் தாங்கும் பாகத்தில் ஆழப் பொறித்த குறியே விரிசலுக்கு வித்தாகக்கூடும்.

பதிவேட்டின் ஆயுள் இறுதி அளவுகோல். ஐக்கிய நாடுகள் ஆவணம் உற்பத்திப் பதிவுகளைக் குறைந்தது 30 ஆண்டுகளும், பிற பதிவுகளைக் குறைந்தது 20 ஆண்டுகளும் காக்க வேண்டும் என்கிறது. துப்பாக்கியின் ஆயுள் பெரும்பாலும் இதனினும் நீண்டது.

9. முடிவுரை

பழைய படைத்தளவாடங்களுக்குரிய வரிசையெண் முறையைத் தேர்கையில், எண் எவ்வடிவில் அமைய வேண்டும் என்னும் வினா இரண்டாவதாகவே எழ வேண்டும். அதன் தனித்துவத்திற்குப் பொறுப்பேற்பவர் எவர் என்பதே முதல் வினா. உற்பத்தியாளர் பொறுப்பேற்கும் இடத்தில் பழைய எண்ணும், ஏற்காத இடத்தில் உடைமையாளரின் சொந்த எண்ணும் பொருந்தும். மாறும் செய்திகளை எண்ணிற் பொதியாமை, பழைய எண்ணை அழியாமை, வழங்கிய எண்ணை மீண்டும் வழங்காமை என்பன எம்முறைக்கும் பொதுவான விலக்குகள்.

ஆப்கானிசுத்தானத்தில் அனுப்பிய 46,000 படைக்கலங்களுக்கு எண் காட்ட இயலாமையும், எண் இருந்த 41,000 படைக்கலங்களின் இருப்பிடம் தெரியாமையும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். பொறிக்கப்பட்ட எண்ணும் பேணப்படும் பதிவும் இணையாதவிடத்து, எத்துணைச் செம்மையான எண் முறையும் இரும்பின் மீதிட்ட கீறலாகவே எஞ்சும்.